மாசிலாமணி ஐயாவுக்குப் புளி போட்ட கதை

வலது கன்னம் பளபளன்னு மின்ன ஆரம்பிச்சப்பவே நான் படியை விட்டு இறங்கியிருக்கணும்.

இறங்கல. நெத்திக்குப் போயிட்டேன்.

கீழ நின்னுக்கிட்டிருந்த ஆட்டோ பாபு அண்ணன் கை தட்டுறாரு. "தம்பி, சூப்பரா கீதுப்பா! காதுக்குப் பின்னாடி வுட்ட பாரு, அங்கயும் ஒரு இழுப்பு இழு!"

இழுத்தேன். காதும் மின்னுச்சு.

நான் தேய்ச்சுக்கிட்டிருந்தது அண்டா இல்ல மக்களே. குண்டா இல்ல. குமணன்சாவடி தாண்டி மெயின் ரோட்டோரமா, ஆளைவிட ரெண்டு மடங்கு உசரத்துல நிக்கிற வெண்கலச் சிலை. மறுநாள் காலையில அதுக்கு விழா.

எனக்குக் கொடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு. சிலையை ஈரத்துணியால தொடைச்சுட்டு வரணும். அவ்வளவுதான். அஞ்சாங்கிளாஸ் பையன் செய்வான். நான் பிளஸ் டூ. அதான் பிரச்சனை.

முதல்ல சிலை யாருன்னு சொல்லிடறேன். எங்க ஊருக்கு ஒரே ஒரு விஞ்ஞானி. பேரு மாசிலாமணி. பூ கட்டுற மிஷினைக் கண்டுபிடிச்சவரு. மேல பூவைப் போட்டு, பக்கத்துல நூலை மாட்டி, கைப்பிடியைச் சுத்தினா கட்டின சரமா வெளிய வரும். வரும்னு சொல்றாங்க. வந்து நான் பாத்ததில்ல. நான் கேட்ட யாரும் பாத்ததில்ல. ஆனா சிலை இருக்கு.

சிலையோட கையில அந்த மிஷினையும் வார்த்து வெச்சிருக்காங்க. புதுசா பாக்கறவங்களுக்கு அவரு இடியாப்பம் பிழியற மாதிரியே இருக்கும். எங்க தெரு ஃப்ளாட்டுக்குக் குடிவந்த ஐ.டி. அண்ணன் ஒருத்தர், அது ஏதோ ஓட்டல் விளம்பரம்னு நினைச்சு டிபன் கேட்டு அலைஞ்சிருக்காரு.

இதுல இன்னொரு அழகு என்னன்னா, சிலைக்கு இடது பக்கம் ஒட்டினாப்புல கஸ்தூரி அக்காவோட பூக்கடை. பூ கட்டுற மிஷின் கண்டுபிடிச்சவர் காலடியிலயே உக்காந்து, நாள் பூரா கையாலதான் பூ கட்டுது அந்த அக்கா. கேட்டா, "அந்த ஆளு எங்க பொழப்புல மண்ணு போட வந்தாரு. நான் அவரு நெழல்ல கடை போட்டுகினு கீறேன். கணக்கு சரியாப் போச்சு"ன்னு சொல்லும்.

சரி, இந்த வேலை ஏன் என் தலையில விழுந்துச்சு?

நான் பிளஸ் டூவை முடிச்சுட்டு, காலேஜுக்குப் போக மாட்டேன்னு சொல்லிட்டேன். எனக்குப் படிப்பு பிடிக்கல. படிப்புக்கும் என்னைப் பிடிக்கல. ரெண்டு பேரும் பேசிப் பிரிஞ்சுட்டோம். எங்கப்பாதான் ஒத்துக்கல.

"வேலைக்குப் போறியா, இல்ல திண்டிவனத்துல பெரியப்பா கோழிப்பண்ணைக்குப் போறியா?"ன்னு கேட்டாரு.

கோழிப்பண்ணைக்கு நான் ஒரு லீவுக்குப் போயிருக்கேன். அந்த வாசனை சட்டையில இருந்து போறதுக்கே அடுத்த லீவு வந்துடுச்சு. அதனால வேலைன்னேன்.

உடனே எங்கம்மா தம்பி பீட்டர் மாமா உள்ள நுழைஞ்சாரு. மாமாதான் சிலை கமிட்டி செயலாளர். மாசிலாமணி ஐயாவோட பையன் அம்பத்தூர் எஸ்டேட்டுல பட்டறை வெச்சிருக்காரு. பையன்னா சின்னப் பையன் இல்ல, ரிட்டயர் ஆகற வயசு. அவருதான் விழாவுக்குச் சிறப்பு விருந்தினர்.

"டேய் ஜெரோம், நான் அவர்கிட்ட உன்னைப் பத்திச் சொல்லியிருக்கேன். சிலையை நீட்டா வெச்சிரு. 'சார், இந்தப் பையன்தான் தொடைச்சான்'னு அறிமுகப்படுத்தறேன். திங்கக்கிழமை பட்டறையில சேந்துடலாம்."

"எதால தொடைக்கணும் மாமா?"

"ஈரத்துணியாலடா. இதுக்கு ஒரு கேள்வியா?"

ஒரு நல்ல கேள்வி கேட்டேன். நல்ல பதில் வந்துச்சு. அதோட நிறுத்தியிருக்கலாம்.

சனிக்கிழமை மதியம் பக்கெட்டும் துணியும் எடுத்துக்கிட்டுப் போனேன். மாலை போடறதுக்குன்னே சிலைக்கு வலது பக்கம் இரும்புப் படி வெச்சிருக்காங்க. ஏறிப் பாத்தா, ஐயா மேல மெட்ரோ வேலைப் புழுதி ஒரு இஞ்சு. அதுக்கு மேல காக்கா போட்ட கோலம். துணியை நனைச்சு, எட்டின வரைக்கும் தேய்ச்சேன். புழுதி போச்சு, காக்கா கோலமும் பாதி போச்சு. ஆனா உள்ள சிலை கருப்பா, மங்கலா, ஒரு மாதிரி பழுப்பாவே இருந்துச்சு.

நான் என்ன நினைச்சேன்? அழுக்குன்னு நினைச்சேன்.

ஏன்னா எனக்கு இந்த விஷயத்துல அனுபவம் ஜாஸ்தி. எங்க கோயில்ல, அதாவது சர்ச்சுல, திருவிழாவுக்கு முன்னாடி பித்தளை மெழுகுவத்தி ஸ்டாண்டு எல்லாத்தையும் தேய்க்கிற முறை எங்கம்மா குழுவுக்கு. எங்கம்மா குழுன்னா நான்தான். சின்ன வயசுல இருந்து புளியைக் கரைச்சு, தேங்கா நாரால தேய்ச்சுத் தேய்ச்சு, கருத்துப்போன ஸ்டாண்டை எல்லாம் தங்கம் மாதிரி ஆக்கியிருக்கேன். ஃபாதரே ஒரு தடவை பூசையில என் பேரைச் சொல்லிப் பாராட்டினாரு. படிப்புல வராத பேரு புளியில வந்துச்சு.

அந்தத் திமிருதான் எல்லாத்துக்கும் காரணம்.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா வேலைக்குப் போயிருந்தாங்க. ஜாடியில பழைய புளி இருந்துச்சு. அதுதான் சரி. புதுப் புளி குழம்புக்கு ஆகும், இந்த வேலைக்கு ஆகாது. மொத்தத்தையும் அள்ளிக்கிட்டு வந்துட்டேன்.

கஸ்தூரி அக்கா நிமிந்து பாத்துச்சு. "இன்னாடா அது, கொழம்பு வெக்கப் போறியா அவருக்கு?"

"கம்முனு பாருக்கா. எப்படி ஆக்கறேன்னு."

பாத்துச்சு. பாபு அண்ணன் பாத்தாரு. ஐயப்பன்தாங்கல் பஸ்ஸுக்கு நின்னவங்க எல்லாம் பாத்தாங்க. ஒவ்வொருத்தரும் ஒரு ஐடியா கொடுத்தாங்க. "மூக்கு ஓரம் தேய்." "புருவத்தை விட்டுட்டியே." "சட்டைப் பட்டன் உள்ள அழுக்கு நிக்குது பாரு." இவ்வளவு பேருல ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, "தம்பி, இதைத் தேய்க்கலாமா?"ன்னு கேக்கல. எங்க ஊர்ல எல்லாருக்கும் எல்லா வேலையும் தெரியும். எந்த வேலையைச் செய்யக்கூடாதுன்னுதான் யாருக்கும் தெரியாது.

படி வலது பக்கம் மட்டும்தானே இருக்கு? அதனால வலது பக்கத்தை முதல்ல முடிச்சுடலாம்னு ஒழுங்கா வந்தேன். தலை, முகம், தோள், கை, வேட்டி, கால். பீடத்து மேல நின்னு கால் விரல் நகத்தைக்கூட விடல. மூக்கு நடுவுல ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி ஒரு பக்கம் தங்கம், ஒரு பக்கம் கருப்பு.

அப்போ புளி தீந்துடுச்சு.

இன்னும் கொஞ்சம் வாங்கலாம்னு இறங்கறேன், பீட்டர் மாமா ஸ்கூட்டர்ல வந்து நிக்கறாரு. சிலையைப் பாத்தாரு. ஹெல்மெட்டைக் கழட்டினாரு. மறுபடியும் பாத்தாரு. மறுபடியும் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டாரு.

"யார்ரா இது?"

"மாசிலாமணி ஐயா மாமா."

"ஐயாவுக்கு என்னடா ஆச்சு?"

"பாதி முடிச்சுட்டேன் மாமா. புளி தீந்துடுச்சு. நீங்க வண்டியில போய்..."

"புளியா?"

அந்த ஒரு வார்த்தையை மாமா சொன்ன விதத்துலயே எனக்குக் கோழி வாசனை வந்துடுச்சு.

மாமா சிலை செஞ்ச ஸ்தபதிக்குப் போன் போட்டாரு. ஸ்பீக்கர்ல. புளி விஷயத்தைச் சொன்னாரு.

ஸ்தபதி மெதுவா, "ஐயா, அது அழுக்கு இல்லைங்க. அது கலருங்க. நெருப்பு காட்டி, மருந்து தடவி, நாள் கணக்கா உக்காந்து ஏத்தின கருப்புங்க"ன்னாரு.

"நாளைக்குக் காலையில விழா. இப்ப என்ன செய்யலாம்?"

"மறுபடியும் ஏத்தணும்னா நான் வந்து பத்து நாளு வேலை செய்யணும். அதுவரைக்கும் தயவுசெஞ்சு அந்தத் தம்பியைச் சிலைகிட்ட விடாதீங்க."

கஸ்தூரி அக்கா சிரிச்ச சிரிப்புல ஊசி கீழ விழுந்துடுச்சு. "கலரைப் போயி அழுக்குன்னு தேச்சுட்டானே! டேய், நல்லவேளை நீ என்னைக் குளிப்பாட்டல!"

மாமா யோசிச்சாரு. செயலாளர் யோசிச்சா எப்பவும் ஒரு ஐடியா வரும். எப்பவும் அது தப்பாத்தான் இருக்கும்.

"ஷூ பாலிஷ்!"

"மாமா, வேணாம் மாமா."

"நீ பேசாதடா. பேசற தகுதியை நீ இழந்துட்ட."

கருப்பு பாலிஷ் டப்பா வந்துச்சு. நான்தான் மறுபடியும் ஏறித் தடவினேன். தூரத்துல இருந்து பாத்தா ஓரளவு சரியாத்தான் இருந்துச்சு. மாமா தள்ளி நின்னு, தலையைச் சாய்ச்சு, "பரவால்ல"ன்னாரு. அவரு வாயை மூடறதுக்குள்ள மேகம் விலகிடுச்சு.

பூந்தமல்லி வெயில். நாள் பூரா காஞ்ச வெண்கலம். பாலிஷ் என்ன ஆகும்? உருகும். கண்ணு ஓரத்துல இருந்து ஒரு சொட்டு கருப்பா இறங்கிக் கன்னத்துல வழிஞ்சுது. பின்னாடியே இன்னொண்ணு.

பஸ் ஸ்டாப்புல ஒரு அம்மா கத்துச்சு. "ஐயோ, ஐயா அழுவறாரு!"

பாருங்க, வாழ்க்கையில நான் செஞ்ச எந்த நல்ல காரியமும் இவ்வளவு வேகமாப் பரவுனதில்ல. பாபு அண்ணன் உடனே வீடியோ எடுக்கறாரு. டூ வீலர் எல்லாம் நிக்குது. ஒருத்தர் செருப்பைக் கழட்டிட்டுக் கன்னத்துல போட்டுக்கறாரு. இன்னொரு அம்மா ஜெபமாலையை எடுத்துடுச்சு.

"எதுக்கு அழுவறாராம்?"

"மிஷினை யாரும் வாங்கலல்ல, அந்தத் துக்கம்."

"தொடைடா! தொடைச்சுத் தொலைடா!"ன்னு மாமா கத்தினாரு.

அப்பத்தான் ஈரத்துணி முதல் தடவையா வேலைக்கு வந்துச்சு. பாலிஷ் சுத்தமாப் போயிடுச்சு. ஐயா முன்னைவிட இன்னும் பளபளன்னு சிரிச்சாரு. பாதி வாய்தான்.

கூட்டம் கலைஞ்சப்புறம் மாமா பீடத்துல உக்காந்துட்டாரு. "உன் வேலையும் போச்சு, என் செயலாளர் பதவியும் போச்சு"ன்னாரு. அவருக்குப் பதவி போறதுதான் பெரிய கவலை. எனக்குக் கோழி.

"மூடிட்டா என்ன?"ன்னு கேட்டேன்.

"திறந்து வெச்சு எவ்வளவோ வருஷம் ஆன சிலைடா. கோணியைப் போட்டு மூடினா, விருந்தினர் வந்து கோணிக்கா மாலை போடுவாரு?"

"கோணி வேணாம் மாமா. பூ."

ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இடது பக்கம் திரும்பினோம். கஸ்தூரி அக்கா ரெண்டு கையையும் தூக்கி மடியில மறைச்சு வெச்சுக்கிச்சு.

"இன்னா பாக்கறீங்க? அதெல்லாம் நடக்காது. எங்க கையை ஒடிக்க மிஷினு செஞ்ச மனுசனுக்கு நாங்களே பூக் கட்டணுமா? அவரு மிஷினையே கட்டச் சொல்லு!"

"மிஷின் கட்டாதுக்கா."

"அது எனுக்குத் தெரியாதா? எங்கம்மா கடையில வெச்சு ஒருநாளு ஓட்டிக் காமிச்சாங்கோ. மல்லியைப் போட்டா சட்னி வந்துச்சு."

"அதான்க்கா சொல்றேன். நாளைக்கு விழாவுல அவ்ளோ பேர் முன்னாடி சிலை நிக்கும். யார் கட்டின பூ போத்தியிருக்குன்னு ஊரே பாக்கும்."

இதை நான் பெருசா யோசிச்சுச் சொல்லல. வாயில வந்துச்சு. ஆனா அந்த அக்கா ஊசியைக் கையில எடுத்துச்சு.

"காலையில கோயம்பேட்டுக்குப் போயி பூ மூட்டை யாரு தூக்கினு வர்றது?"

"நான் போறேன்க்கா."

"பொழுது விடியறதுக்குள்ள வரணும். வாடினதை வாங்கியாந்தே, உன்ன கட்டிடுவேன்."

போனேன். பாபு அண்ணன் ஆட்டோவுல ரோஜா, சாமந்தி, மல்லின்னு மூட்டை மூட்டையா ஏத்திக்கிட்டு வந்தேன். கஸ்தூரி அக்காவும் பக்கத்துக் கடை அக்காங்களும் கட்டின வேகம் இருக்கே, எனக்குக் கண்ணே வலிச்சுது. தலையில இருந்து கால் வரைக்கும் வலது பக்கத்துக்கு மட்டும் ஒரு பூப்போர்வை. முகத்துக்கு மட்டும் தனியா, பாய் வீட்டு மாப்பிள்ளைக்குத் தொங்க விடுவாங்களே, அந்த மாதிரி மல்லிச் சரம். எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு முடிஞ்சு, பூவோட வால் தரையைத் தொடற மாதிரி விட்டாங்க.

உண்மையைச் சொல்றேன், நல்லா இருந்துச்சு. ஐயாவுக்கு இவ்வளவு நல்லா யாரும் செஞ்சதில்ல. பாதி கல்யாணக் களை.

விழா ஆரம்பிச்சுது. பட்டறை சார் கார்ல இருந்து இறங்கினாரு. வெள்ளைச் சட்டை, கண்ணாடி, சத்தமே இல்லாத ஆளு. சிலையைப் பாத்து ஒரு நிமிஷம் நின்னாரு.

"அப்பாவுக்கு என்ன, கல்யாணமா?"

மாமா சிரிச்சாரு. "புது மாதிரி அலங்காரம் சார். இந்தப் பையன்தான் எல்லாத்தையும் முன்ன நின்னு செஞ்சான். ஜெரோம். சொன்னேனே."

சார் என்னைப் பாத்துத் தலை ஆட்டினாரு. சத்தியமாச் சொல்றேன், அந்த நேரத்துல நான் மனசுக்குள்ள பட்டறை யூனிஃபார்ம்லயே நின்னுக்கிட்டிருந்தேன். நீல கலர். பாக்கெட்டுல பேனா.

அப்புறம் சார் டிரைவரைக் கூப்பிட்டு, கார்ல இருந்து ஒரு பெட்டியை எடுத்துட்டு வரச் சொன்னாரு. உள்ள மிஷின். அசல் மிஷின்.

"அப்பா கையால செஞ்சது. இந்த வருஷம் எல்லாருக்கும் ஓட்டிக் காட்டலாம்னு நானே எண்ணெய் போட்டுக் கொண்டு வந்தேன்."

கஸ்தூரி அக்கா கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு முதல் வரிசைக்கு வந்துடுச்சு. டிக்கெட் வெச்சிருந்தாலும் வாங்கியிருக்கும்.

சார் ஒரு கை மல்லியைப் போட்டாரு. நூலை மாட்டினாரு. கைப்பிடியைச் சுத்தினாரு. கடகடன்னு சத்தம். நூல் தனியா வந்துச்சு. பின்னாடியே பச்சையும் வெள்ளையுமா ஏதோ கொழகொழன்னு மேஜையில விழுந்துச்சு.

"சட்னி,"ன்னு கஸ்தூரி அக்கா மெதுவாத்தான் சொல்லுச்சு. பக்கத்துல மைக் இருந்துச்சு.

சார் விடல. இன்னும் பூவைப் போட்டாரு, இன்னும் சுத்தினாரு. மேஜை நிரம்பிக் கீழ வழிஞ்சு விழுந்துச்சு. அந்த வாசனைக்கு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் படுத்திருந்த மாடு எழுந்துச்சு. எங்க ஏரியா மாடு சிக்னலை மதிக்காது. நேரா வந்துச்சு. மேஜைக்குக் கீழ இருந்ததை நக்கித் தின்னுச்சு.

"மாட்டுத் தீவனத்துக்கு நல்லாத்தான் வேலை செய்யுது,"ன்னாரு பாபு அண்ணன்.

மாமா சமாளிக்க மைக்கைப் பிடிச்சுட்டாரு. "மாசிலாமணி ஐயா நம்ம ஊரின் ஒளி..."

கீழ இருந்தது தீந்ததும் மாடு தலையைத் தூக்கிச்சு. எதிர்ல தரையைத் தொட்டுக்கிட்டுப் பூப்போர்வையோட வால். கடிச்சுது.

"...எத்தனை காலம் ஆனாலும் மறையாத ஒளி..."

மாடு ஒரு இழுப்பு இழுத்துச்சு. ரோஜா வரிசை கால்ல இருந்து நழுவிச்சு. நான் ஓடிப்போய் இந்தப் பக்கம் பிடிச்சேன். மாடு அந்தப் பக்கம். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். மாட்டுக்கு இழக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்.

மாடு ஜெயிச்சுது. எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு முடிஞ்சிருந்தாங்கன்னு சொன்னேன்ல? வேட்டி, கை, தோள், கடைசியா மல்லிச் சரம், எல்லாம் ஒரே கோர்வையா சர்ருன்னு இறங்கிச்சு. கை முடிச்சு. ஒரு பூகூட உதிரல.

"...இதோ, அந்த ஒளி!"ன்னு மாமா கையை நீட்டினாரு. நீட்டின பக்கம் திரும்பிப் பாத்தாரு.

காலை வெயில்ல ஐயாவோட வலது பக்கம் ஜொலிச்சுது. கண்ணு கூசிச்சு. இடது பக்கம் எப்பவும் போலக் கருப்பா, மெட்ரோ புழுதியோட, ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னுச்சு.

கூட்டம் மொத்தமும் ஐயாவையே பாத்துச்சு. மாடு மட்டும் மென்னுச்சு.

சார் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சு மறுபடி போட்டாரு. "யார் பண்ணது?"

மாமாவோட ஆள்காட்டி விரல் தானா என் பக்கம் திரும்பிடுச்சு. மாசிலாமணி ஐயா மிஷினைவிட அது நல்லா வேலை செஞ்சுது.

"எதால தேய்ச்சே?"

"புளி சார்."

"புளி?"

"பழைய புளி சார். புதுசு இதுக்கு ஆகாது."

"உன்னைத் தொடைக்கத்தானே சொன்னாங்க?"

"ஆமா சார்."

"அப்புறம் ஏன் தேய்ச்சே?"

"கருப்பு போகல சார்."

"அது போகக்கூடாதுன்னுதாம்ப்பா போட்டது."

கத்தியிருந்தா பரவாயில்ல. கணக்கு வாத்தியார் விடைத்தாளைக் கொடுக்கற மாதிரி மெதுவாச் சொன்னாரு. அப்புறம் மிஷினைப் பெட்டியில வெச்சுக்கிட்டே, "எங்க பட்டறையில எல்லா மிஷினும் கருப்புதான்..."ன்னு ஆரம்பிச்சு முடிக்காம விட்டுட்டாரு. புரிஞ்சுடுச்சு. நீல யூனிஃபார்மைக் கழட்டி வெச்சுட்டேன்.

கார்ல ஏறறதுக்கு முன்னாடி மாமாகிட்ட சொன்னாரு. "எங்க அப்பா ரெண்டு கலர்ல நிக்க வேணாம். மறுபடியும் கருப்பு ஏத்தறதெல்லாம் வேணாம். இவனை விட்டே மீதியையும் தேய்ச்சு முடிக்கச் சொல்லுங்க. ஒழுங்கா முடிச்சா, வேலையைப் பத்தி அப்புறம் பாக்கலாம்."

'பாக்கலாம்'னா எங்க ஊர்ல என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும்.

வீட்டுல அப்பா என் பையை எடுத்து வாசல்ல வெச்சுட்டாரு. திண்டிவனம் பஸ் நேரமெல்லாம் கேட்டு வெச்சிருந்தாரு. அம்மா காலி ஜாடியைக் கையில பிடிச்சுக்கிட்டு, "இனிமே கோயில் ஸ்டாண்டு பக்கமும் நீ வராதே"ன்னாங்க. எனக்குப் பேரு வாங்கிக் கொடுத்த ஒரே துறையில இருந்தும் டிஸ்மிஸ்.

நான் பையைத் தூக்கறேன், கஸ்தூரி அக்கா வந்து நிக்குது.

"இன்னா நைனா, புள்ளைய எங்க அனுப்பறே?"ன்னு எங்கப்பாவைக் கேட்டுச்சு.

"கோழிப்பண்ணைக்கு."

"அங்க போயி கோழியைப் புளி போட்டுத் தேய்ப்பான். எனுக்கு தினம் காலையில கோயம்பேட்டுலேர்ந்து பூ எடுத்தாற ஆளு வேணும். இவன் எடுத்தாந்தது ஒண்ணுகூட வாடல. வுட்டுட்டுப் போ."

"உங்ககிட்ட தினமும் அவ்வளவு பூ விக்குதா?"ன்னு அப்பா கேட்டாரு.

விக்குது. அதான் கூத்து. பாபு அண்ணன் எடுத்த வீடியோ, அழுவற ஐயா, மாடு, தங்க ஐயா எல்லாம் போன் போனா ஓடிடுச்சு. இப்போ கண்டக்டரே, "ரெண்டு கலர் ஐயால்லாம் எறங்கு!"ன்னுதான் ஸ்டாப்பைச் சொல்றாரு. ஜனங்க குடும்பத்தோட வந்து தங்கப் பக்கம் ஒரு செல்ஃபி, கருப்புப் பக்கம் ஒரு செல்ஃபி எடுக்கறாங்க. தங்கப் பக்கம் நின்னா அதிர்ஷ்டம், கருப்புப் பக்கம் நின்னா கல்யாணம்னு யாரோ கிளப்பி விட்டுட்டாங்க. வந்தவங்க சும்மா போவாங்களா? ஒரு முழம் பூ வாங்கி ஐயாவுக்குப் போட்டுட்டுத்தான் போறாங்க. கையால கட்டின பூ.

இப்போ நான் தினமும் விடியறதுக்குள்ள பூ மூட்டையோட ஸ்டாப்புல இருக்கேன். என்மேல மல்லி வாசனை அடிக்குது. கோழியோட கம்பேர் பண்ணா எவ்வளவோ மேல்.

பீட்டர் மாமா மட்டும் விடல. ஒருநாள் ஏணியோட வந்தாரு. இடது பக்கம் ஏணி போடணும்னா கஸ்தூரி அக்கா கடையை எடுக்கணும்.

"எடும்மா, ஒரு நாள்தானே,"ன்னாரு.

"எடுக்கறேன். எடுத்துட்டு அந்த ஏணியிலயே உன்னைக் கட்டி, மேல ரெண்டு முழம் மல்லியும் போட்டு வுடறேன். சம்மதமா?"

மாமா என் பக்கம் திரும்பினாரு. "டேய், சார் உன்கிட்டதான்டா சொன்னாரு. மீதியைத் தேய்க்கறியா இல்லியா?"

அக்கா ஒரு பக்கம் பாக்குது, மாமா ஒரு பக்கம் பாக்கறாரு. நடுவுல ஐயா ரெண்டு பக்கமும் பாக்கறாரு.

"நாளைக்கு மாமா,"ன்னேன்.

தொடைக்கச் சொன்னப்போ தேய்ச்சேன். இப்போ தேய்க்கச் சொல்றாங்க, தினமும் காலையில ஈரத்துணியால தொடைச்சுட்டு வந்துடறேன்.